நாலாவது களம்

சான் ரோக்கோ,
9 மார்ச் 1997, ஞாயிறு.

பிரியமுள்ள தம்பி ஒல்வினோவுக்கு,

அக்கா எல்டா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் நீ உடனே டொரண்டோவிலிருந்து ஃபோன் பண்ணுவாய். ஃபோன் இருப்பது கூடத்தில், உன் அத்தான் நாற்காலிக்குப் பக்கத்தில். அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் புதிதாகப் பிறந்த பேத்திக்கும் என் அன்பு.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மே மாதம் குடும்பத்தோடு வருகிறாய் என்று அறிந்தேன். இருபத்திரண்டு வருஷம் கழித்து வருகிறாய். அப்பா சாவுக்கு வரவில்லை, அம்மா சாவுக்கு வரவில்லை, போச்சே பந்து உருட்டும் களத்தின் திறப்பு விழாவுக்கு வருகிறாய். சரி, எதற்காகவாவது வருகிறாயே. கடிதத்தை உன் அத்தானுக்கு வழக்கம்போல் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆனால் ஒரு பத்தியை மட்டும் தாண்டிவிட்டேன். விழாவில் முதல் பந்தை நேவியோ அத்தான்தான் உருட்ட வேண்டும், ஊரே பார்க்க வேண்டும், அதைப் படம் பிடித்து என் அலுவலகத்தில் மாட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்தி. அதை ஏன் தாண்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவின் நாலு களங்களையும் பதினோரு வருஷம் பராமரித்தவள் நான். நகராட்சி சம்பளம், நல்ல வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் ஒருநாள் செய்து பார்த்ததில்லை. விடியற்காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தரையில் பரப்பிய கிளிஞ்சல் தூள் ஈரத்தைக் குடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கட்டைவிரலை அழுத்தினால் தடம் பதிய வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதம் கால்மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் வலையை இழுத்துச் சமன் செய்து, நூற்றிருபது கிலோ இரும்பு உருளையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுக்க வேண்டும். கோடையில் உப்புத் தூவ வேண்டும், இல்லையென்றால் புழுதி கிளம்பும். பனிக்காலம் முடிந்தால் தரை அப்பளம்போல் உப்பிக்கொண்டு நிற்கும், எல்லாவற்றையும் கிளறி மறுபடி முதலிலிருந்து. ஊர்ப் பூனைகள் பூராவும் அங்கேதான் வந்து குழி தோண்டிக் காரியத்தை முடித்துவிட்டுப் போகும். அந்தக் களத்தின்மேல் எனக்கு ஒருநாளும் பாசம் இருந்ததில்லை. அந்த உருளையை நான் வெறுத்தேன். உனக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் இடுப்பு போச்சு, முதுகு போச்சு என்று அழுதேன்.

நீயும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கான்கிரீட் போட்டே பணக்காரன் ஆனவன் நீ, அக்காவின் இடுப்புக்கும் கான்கிரீட்டிலேயே மருந்து கண்டுபிடித்தாய். நாலு களத்தையும் தோண்டிக் கான்கிரீட் போட்டு, மேலே செயற்கை விரிப்பு ஒட்டலாம், செலவு முழுவதும் என்னுடையது என்று கழகத் தலைவர் துயிலியோவுக்கு எழுதினாய். அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஊரைச் சுற்றினார்.

போன செப்டம்பரில் ஃபோஸ்காவின் காபிக் கடையில் கூட்டம் போட்டோம். துயிலியோ மூன்று மாதிரிகளை மேஜைமேல் வைத்தார். சிவப்புப் பிசின் தரையில் ஒரு துண்டு, பச்சை விரிப்பில் கைக்குட்டை அளவு ஒரு துண்டு, களிமண் கலந்த புதுவகைக் கிளிஞ்சல் தூள் ஒரு ஜாடி. ஆளாளுக்குச் சோதித்தார்கள். ஒருவர் செருப்பால் தேய்த்தார். ஃபோஸ்கா, "கறை புடிக்குதான்னு பாத்துருவோம்"னு சொல்லி விரிப்பில் அரை கிளாஸ் சிவப்பு ஒயினை ஊற்றினாள். நான் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை அழுத்தினேன். உன் அத்தான் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பூனை முதுகு மாதிரி இருக்குப்பா"ன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தாறு பேர் கூடிய கூட்டத்தில் ஒரு பந்தை எடுத்து அதன்மேல் உருட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கைக்குட்டையில் எங்கே உருட்டுவது? விரிப்புக்குச் சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்று துயிலியோ சொன்னபோது முதலில் கையைத் தூக்கியவர் உன் அத்தான்தான். இரண்டாவது கை என்னுடையது. என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு என்ன தெரியும், பாவம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ அவர் ஆடிப் பார்த்தது கண்ணிருந்த காலத்தில். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போனது நீ போய் ஒன்பது வருஷம் கழித்து. இரண்டு வருஷம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் களத்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, துணைக்கு வாங்க என்று சொல்லி இழுத்துக்கொண்டு போவேன். அங்கே உட்கார்ந்து கேட்டுக் கேட்டே மறுபடி ஆடக் கற்றுக்கொண்டார். நான் எதிர்க் கோடியில், குறி வைக்கும் சின்னப் பந்துக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கை தட்டுவேன். அந்தச் சத்தத்தைப் பார்த்து உருட்டுவார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பந்து கிளிஞ்சலை நொறுக்கிக்கொண்டு ஓடும் சத்தம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். நாங்கள் குனிந்து அளப்பதற்கு முன்னாலேயே, "ஒரு சாண் கம்மி", "நாலு விரக்கடை எடது பக்கம்" என்று சொல்லுவார். துயிலியோ எத்தனை கிளாஸ் ஒயின் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை.

அவர் பந்து உருளும்போது பூங்காவில் யாரும் பேசமாட்டார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த வழக்கம். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளைகள்கூடக் காலை ஊன்றி நிறுத்திக்கொள்ளும். ஃபோஸ்கா காபி அரைக்கும் எந்திரத்தை அணைத்துவிடுவாள். ஒருமுறை வெளியூர்க்காரன் ஒருவன், "என்னம்மா, ஒரு காபிக்கு எவ்வளவு நேரம்"னு கத்தினான். ஃபோஸ்கா அவனைப் பார்த்து, "ஆள் ஆடிட்டிருக்காரு, வாய மூடிட்டு நில்லு"ன்னா. அவனும் நின்றான்.

நவம்பரில் மூன்று களங்கள் முடிந்தன. தோண்டி எடுத்த கிளிஞ்சலை எல்லாம் துயிலியோ தன் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கோழிகளுக்குப் போடுகிறார். முட்டை ஓடு கெட்டியாக வருகிறதாம். பதினோரு வருஷம் நான் தண்ணீர் ஊற்றி இழுத்த தரையை இப்போது ஊர் ஆம்லெட் போட்டுத் தின்கிறது. இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கூடினோம். பூங்கா அடங்கியது. ஃபோஸ்கா எந்திரத்தை அணைத்தாள். நான் கை தட்டினேன். உன் அத்தான் உருட்டினார். "பொத்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பந்து ஓடியது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் தலையைச் சாய்த்தபடி நின்றார். பந்து நின்ற பிறகும் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "எல்டா, போய்ச் சேந்துருச்சா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் அவர் எங்களைக் கேட்டதே இல்லை. அவர்தான் எங்களுக்குச் சொல்லுவார். பந்து இடது மூலையில், குறிக்கு மூன்று மீட்டர் தள்ளிக் கிடந்தது. நான், "ஒரு சாண் கம்மி"ன்னு சொன்னேன். ஒரு விரற்கடையைக்கூட விட்டுக்கொடுக்காத துயிலியோ, எடுத்த அளவு நாடாவைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். "பரவால்லையே"ன்னு சிரித்துவிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு பூங்காவுக்கே வரவில்லை. அவருடைய பந்துகள் சமையலறை அலமாரியில், வெங்காயக் கூடைக்குப் பின்னால் இருக்கின்றன. நாள் முழுக்க ரேடியோ ஓடுகிறது. என்ன கேட்டீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

விரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒல்வினோ. மழை நின்று அரைமணி நேரத்தில் ஆடலாம். வெள்ளைப் புழுதி இல்லை என்பதால் பெண்கள் அணி ஒன்று சேர்ந்திருக்கிறது. எனக்கும் வேலையே இல்லை, வாரத்துக்கு ஒருநாள் துடைப்பத்தால் பெருக்குகிறேன். காலை எட்டு மணிவரை படுத்திருக்கிறேன். என்ன சுகம்! படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன். ஊருக்கே நல்லது செய்திருக்கிறாய், ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஒரு ஆள் என் வீட்டில் இருக்கிறார்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகப் படி. குளிர் வந்ததால் நாலாவது களத்தை அவர்கள் இன்னும் தோண்டவில்லை. மேலே சரளைக் குவியலும் கலவை எந்திரமும் கிடக்கின்றன, ஆனால் அடியில் பழைய கிளிஞ்சல் தரை அப்படியே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி தோண்டப் போகிறார்கள். துயிலியோவிடம் பேசினேன். "நான் என்னம்மா பண்றது, குடுத்தவரு நாலுன்னு எழுதிருக்காரு. மூணுன்னு அவரே எழுதட்டும்"னாரு. நீ ஒரு வரி எழுதினால் போதும். அந்தக் களத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு களம்தானே, உருளையை இழுக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. இடுப்பு வலி என்று நான் எழுதியதெல்லாம் பாதி சும்மா, உன்னிடம் செல்லம் கொஞ்ச எழுதியது. இதை நான் கேட்டேன் என்று உன் அத்தானுக்குத் தெரியவே கூடாது. முதல் பந்து உருட்டும்படி அவரைக் கேட்காதே. விழாவில் உன் பேர் பொறித்த கல்லைத் திற, மாலை போட்டுக்கொள், படம் எடுத்துக்கொள். மே மாதம் நீ இங்கே வரும்போது, நாலாவது களத்தில் அவராக எழுந்து வந்து உருட்டட்டும். அதையும் படம் எடுத்துக்கொள்.

கடவுள் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் குறையில்லாத கண்ணையும் காதையும் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
எல்டா.


சான் ரோக்கோ,
13 மார்ச் 1997, வியாழன்.

அன்புள்ள மச்சானுக்கு,

நேவியோ எழுதுவது. எழுதும் கை ஃபோஸ்காவுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், இடையிடையே கடைக்கு ஆள் வந்தால் எழுந்து போகிறாள். அதனால் கோர்வையாக இல்லையென்றால் என்னைத் திட்டாதே. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா சமையலறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதினாள். பேனா சத்தம் இரண்டு மணி நேரம் கேட்டது. ஏழு தாள் திருப்பினாள். நல்ல செய்திக்கு ஏழு தாள் தேவைப்படாது. ஒருநாள் முன்னால்தான் பூங்காக் கொட்டகைக்குப் போய்விட்டு வந்திருந்தாள், கையில் எந்திர எண்ணெய் வாசனை. அந்த உருளைக்கு எண்ணெய் போட்டிருக்கிறாள். அப்புறம் அவள் உன்னிடம் என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிக்க எனக்குக் கண் எதற்கு?

மச்சான், அவள் கேட்பதைக் கொடுக்காதே. நாலாவது களத்தையும் மூடச் சொல். காரணம் சொல்கிறேன். போன வருஷம் ஜூலையில் அவள் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் அந்த உருளைய இழுத்தாங்கன்னா, அப்புறம் அவங்களத்தான் நாலு பேரு இழுக்கணும்"னாரு. நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவாளா? எனக்காக இன்னும் வேகமாக இழுப்பாள். அந்த நேரத்தில்தான் உன் கடிதம் துயிலியோவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ஃபோஸ்காவுக்கே இப்போதுதான் தெரிகிறது, எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதும்மா, எழுது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லி பஸ் ஏறி ஊதினே நகரத்து உள்ளரங்குக்குப் போனேன். அங்கே இந்த விரிப்பு ஏற்கெனவே போட்டிருக்கிறது. அங்கிருந்த ஒரு பிள்ளையிடம் கேட்டு நாலு பந்து உருட்டிப் பார்த்தேன். நாலும் கிணற்றில் போட்டதுபோல் போயின. திரும்பி வந்து அந்த வாரம் முழுக்க நம் களத்தில் ஆடினேன். ஒரு பந்துகூட நான் சொன்ன அளவு தப்பவில்லை. பிறகு கூட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். பூனை முதுகு என்றும் சொல்லிவைத்தேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே.

உன்மேல் கோபமாக இருக்கிறேனா என்று கேட்டால், இருக்கிறேன். நீ கெடுதல் செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போவேன். நீ நல்லது செய்துவிட்டாய், எல்லோருமாகச் சேர்ந்து எனக்கு நல்லது செய்துவிட்டீர்கள். நானும் அதில் ஒரு ஆள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நாலு மாதமாக ரேடியோவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எல்டாவுக்குப் பொய் சொல்ல வராது. நவம்பரில் என் பந்து ஒரு சாண் கம்மி என்றாள். அவள் போய்ப் பந்தை எடுக்கக் குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அந்த முனகல் இடது மூலையிலிருந்து வந்தது. அதை வைத்து அளந்துகொண்டேன், மூன்று மீட்டர் இருக்கும். அவளிடம் இதைச் சொல்லிவிடாதே. ஒரு சாண் என்றே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்தபோது நடுவில் ஒரு பத்தியை விழுங்கினாள். அதையே நீ துயிலியோவுக்கும் எழுதியிருந்தாயாம், முந்தாநாள் உளறிவிட்டான். முதல் பந்தை நானே உருட்டுகிறேன், மச்சான். உருட்டாவிட்டால் நாலாவது களத்துக்காக அவள் சாகும்வரை ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவாள். நான் சிரித்துக்கொண்டு உருட்டினால்தான் அந்த உருளையை விடுவாள்.

ஆனால் அதற்கு நீ ஒன்று செய்ய வேண்டும். நகராட்சி பேண்டு வாத்தியம் வரும் என்று துயிலியோ சொன்னான். நான் உருட்டும் நேரத்தில் அவர்களை நிறுத்தவிடாதே. தாரை, தப்பட்டை, என்ன இருக்கிறதோ எல்லாம் முழங்கட்டும். பிள்ளைகள் கத்தட்டும், உன் பேத்தி அழட்டும், யாரும் அவளை அடக்க வேண்டாம். ஃபோஸ்காவும் அன்றைக்குக் காபி எந்திரத்தை அணைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். இதை எழுதும்போதே மூக்கைச் சிந்துகிறாள், தாளில் ஈரம் இருந்தால் அது அவளுடையது. ஊர் பழைய வழக்கத்தில் எனக்காக ஒரு தடவை அடங்கிவிட்டால் போதும், நான் என்னை அறியாமல் தலையைச் சாய்த்துவிடுவேன். எல்டா எதிரில் நின்று அதைப் பார்ப்பாள். தயவுசெய்து, மச்சான், அன்றைக்கு என்னைச் சுற்றி ஒரே கூச்சலாக இருக்கும்படி பார்த்துக்கொள்.

நல்லபடியாக வந்து சேர்.

உன் அத்தான்,
நேவியோ.